நான் வெட்டிய பதினோரு நொடிகள்

பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டேன். இனி நம் பேஸ்புக் பக்கம் உங்கள் நான்கு பேருடையது. இருபத்தாறு வயதில் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அடுத்த வாரம் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் நாற்காலியில் உட்காரப் போகிறவள், அதே அரசைப் பார்த்து "குழாயில் தண்ணீர் எங்கே" என்று பக்கம் நடத்திக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆறு வருடம் கேட்டாயிற்று. இனி நீங்கள் கேளுங்கள். என் அலுவலகத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் உங்களில் ஒருத்தி, ரேவதி, சொன்னாள்: "அக்கா, ரூல்ஸ் மாதிரி ஒரு பத்துப் பாயிண்ட் எழுதிக் குடுங்க." எழுதிப் பார்த்தேன். நான்காவது பாயிண்டில் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. அதனால் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். அந்த பஸ் வீடியோ. ஒன்பதாம் வகுப்பில் அதைப் பார்த்துத்தான் இந்தப் பக்கத்துக்கு வந்தேன் என்று ரேவதியே சொன்னாள். அவள் பார்த்தது பாதி. மீதியை வெட்டி எறிந்தது நான்.

எங்கள் ஊர் ஏற்காட்டு மலையில் தலைச்சோலையைத் தாண்டி மேலே இருக்கிறது. காலையில் ஏற்காட்டுக்கு ஒரே பஸ். அதைப் பிடித்தால்தான் ஏற்காட்டில் மாறி, சேலத்தில் இறங்கி, முதல் மணிக்குக் கல்லூரியில் உட்கார முடியும். என் காலத்தில் அப்படிப் போனவள் நான் ஒருத்திதான். என் அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டில் கைநாட்டு வைத்தவர்கள். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. நான் சொல்லும் வருடத்தில் ஏழு பெண்கள் அந்த பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் முண்டியடித்து ஏறுவதைப் பார்த்தால், ஏதோ ஏழு பேரையும் நானே பெற்றதுபோல எனக்கு மார்பு விரியும்.

பஸ் ஊருக்குள் வந்து என் பெரியப்பாவின் காப்பிக் களத்தில் திரும்பும். மலை ஊரில் பஸ் திரும்ப இடம் கிடைப்பது லேசில்லை. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். ஊரில் சமமாக இருந்த இடம் அந்த சிமெண்டுக் களம் ஒன்றுதான். டிரைவர் அண்ணன் முன்னால் ஏற்றி, பின்னால் ஒடித்து, மூன்றாவது தடவையில் திருப்பிவிடுவார். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பஸ் திரும்பி முடிப்பதற்குள் பெரியம்மா ஒரு டம்ளர் டீயை ஜன்னல் வழியாக நீட்டுவார். பல வருடமாக நடந்துவந்தது இது.

மார்கழியிலும் தையிலும் களத்தில் காப்பி காயும். வழக்கமாகப் பெரியப்பா பாதிக் களத்தை பஸ்ஸுக்கு விட்டுவைப்பார். அந்த வருடம் விளைச்சல் அதிகம். போதாததற்குத் தன் மச்சான் தோட்டத்துக் காப்பியையும் கொண்டுவந்து கொட்டினார். களம் முழுக்கச் சிவப்பு. பஸ் இரண்டு வளைவு கீழே, பாலத்தருகே நின்று, அங்கேயே திக்கித் திணறித் திரும்பிக்கொண்டது.

இரண்டு வளைவு என்றால் பத்து நிமிட நடை. ஆனால் பனிமூட்டத்தில் முன்னால் போகிறவளின் முதுகு தெரியாது. சாலையில் காட்டெருமை நின்றால், அது மூச்சு விடும் சத்தம் கேட்டுத்தான் தெரியும். மூன்றாவது நாள், இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த கவிதா, ஒரு சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் அசையாமல் நின்று, எருமை நகர்ந்த பிறகு பாலத்துக்கு ஓடி வந்தாள். வந்த வேகத்தில் போனை எடுத்து டிரைவர் அண்ணனைப் படம் பிடித்தாள்.

"ஏனுங்க, மேல வந்தா என்னங்க? அங்க காட்டெருமை நிக்குது. எங்க உசுரு போனாப் பரவால்லீங்களா?"

"மேல வர முடியாது கண்ணு. ஏறுனா ஏறு, இல்லீன்னா நில்லு. நேரமாச்சு."

நீங்கள் பார்த்தது இதுவரை. இதற்குப் பிறகு பதினோரு நொடி இருந்தது. அதில் அவர் தலையை வெளியே நீட்டி, "உங்க மாமங் களத்துல காப்பி கெடக்குதுல்ல சாமி? ஏத்துனா அது நசுங்கும், பொறவு அவர் என்னைய நசுக்குவாரு. ஓரமாத் தள்ளச் சொல்லு, நாளைக்கே மேல கொண்டாந்து நிறுத்தறேன்" என்கிறார். பஸ்ஸுக்குள் யாரோ சிரிக்கிறார்கள். கவிதாவுக்கே சிரிப்பு வந்து படம் ஆடுகிறது.

அப்போது நான் ஏற்காட்டில் தங்கி ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஏற்காடு வந்து சேர்வதற்குள் வீடியோ வந்துவிட்டது. கடைசிப் பதினோரு நொடியை வெட்டினேன். நீளம் அதிகம், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று வெட்டினேன். பல நாள் எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. அந்தச் சிரிப்பு என் கோபத்தைக் கெடுத்தது. அதோடு, கவிதா மாமா என்று கூப்பிடும் அந்தக் களத்துக்காரர், என் பெரியப்பா, அதில் வருகிறார்.

வெட்டிவிட்டு ஒரு தலைப்பு எழுதினேன்: "மலைப் பெண்களை எருமைகளுக்கு நடுவே இறக்கிவிடும் அரசு ஓட்டுநர்." அவர் யாரையும் இறக்கிவிடவில்லை. அது பெண்கள் காலையில் ஏறிப் போகிற பஸ். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த வாக்கியம் நன்றாக விழுந்திருந்தது. கைநாட்டு வைத்தவர் மகள் எழுதிய வாக்கியத்தை ஊரே படிக்கப் போகிறது என்று இருந்தது. எழுதத் தெரிந்தவளின் திமிரைப் பற்றி யாராவது உங்களிடம் கேட்டால் என்னைக் கைகாட்டுங்கள்.

மத்தியானத்துக்குள் சேலம் முழுக்க ஓடியது. சாயங்காலம் துபாயிலிருந்தெல்லாம் பகிர்ந்தார்கள். நமக்கு அதுவரை ஒரு கேள்விக்கு இருபது லைக் வந்தால் திருவிழா. நானும் அப்போது என்னோடு பக்கம் நடத்திய கரடியூர் பிரபுவும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு எண்ணிக் களைத்தோம். பின்னூட்டத்தில் ஒருவர், "மூஞ்சியப் பாரு, காலைலயே ஊத்திட்டு வந்திருக்கான்" என்று எழுதியிருந்தார். டிரைவர் அண்ணன் வெற்றிலைகூடப் போடாதவர். நான் அந்தப் பின்னூட்டத்தைப் பார்த்தேன், நகர்ந்துபோனேன்.

இரண்டு நாள் கழித்து வேறொரு டிரைவர் வந்தார். சின்ன வயது, பாலத்திலேயே நிறுத்தினார். பெண்கள், "களம் காலியானதும் மேல வருவீங்கல்லங்க?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"மேலயா? பர்மிட்டே பாலம் வரைக்கும்தாங்க. அவரு மேல வந்துட்டிருந்தாரா? யாரைக் கேட்டு வந்தாரு?"

 எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பஸ் எங்கள் ஊருக்கு வர வேண்டும் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அவர் தானாக வந்துகொண்டிருந்தார். நாங்கள் அதை எங்கள் உரிமை என்று நினைத்திருந்தோம். இப்போது வீடியோவால் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரணை. பஸ்ஸும் பாலத்தோடு நின்றுபோயிற்று. காட்டெருமைக் கதை கேட்ட கவிதாவின் அப்பா, "படிச்ச மட்டும் போதும், ஊட்டோட இரு" என்றுவிட்டார்.

அன்று சாயங்காலம் குரூப்பில் ஒரே சண்டை. பிரபு சாலை மறியல் என்றான். இன்னொருத்தி சத்தமில்லாமல் வீடியோவை அழித்துவிடலாம் என்றாள். கவிதா மட்டும் எனக்குத் தனியாக எழுதினாள்: "அக்கா, நீங்க வெட்டுனதை அப்பவே பாத்தேன். நெறையப் பேரு பாக்குறாங்கன்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

முழு வீடியோவைப் போட்டுவிடலாமே என்பீர்கள். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் அதில் அவரே தன் வாயால் "மேல கொண்டாந்து நிறுத்தறேன்" என்கிறார். பாதி வீடியோவில் அவர் கல்நெஞ்சுக்காரர், முழு வீடியோவில் விதியை மீறியவர். எதைப் போட்டாலும் அவருக்குத்தான் அடி. இதைத் தீர்மானிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற கேள்வி அப்போதுதான் முதல்முறையாக வந்தது. முகம் அவருடையது, வேலையும் அவருடையது. போஸ்ட் போடுவதற்கு முன், பஸ் ஏற்காட்டில் வந்து நின்றதும் போய் ஒரு வார்த்தை கேட்க எனக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்திருக்கும்.

மறுநாள் கவிதாவையும் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்துக் குப்பனூருக்கு இறங்கினேன். அவர் வீடு அங்கேதான். வாசலில் அவர் மனைவி நின்றார்.

"நீதானா அந்தப் பேஸ்புக்குப் பொண்ணு? வா, வந்து படம் புடிச்சுக்கோ. மூஞ்சி கழுவாம உக்காந்திருக்காரு. இன்னும் நல்லா ஓடும்."

 உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது: "உள்ள உடு. கவிதாப் புள்ள கூட வந்திருக்குது பாரு." எங்கள் ஊர்ப் பெண்கள் ஏழு பேரின் பெயரும் அவருக்குத் தெரியும். எனக்கு அவர் பெயரே விசாரணை வந்த பிறகுதான் தெரியும்.

"தப்பு என் பேர்லதாங்க அண்ணா. வெட்டுனது நான்தானுங்க" என்றேன்.

"வெட்டுனது தெரியுது. டிப்போவுல எல்லாரும் போனப் பாத்துட்டு என்னையப் பாக்கறாங்க. எட்டாவது படிக்கற என்ற புள்ளகிட்ட, ஒங்கப்பன் எருமை டிரைவராடின்னு கேக்கறாங்களாம்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "செரி, இப்ப எதுக்கு வந்தீங்க?"

"முழுசாப் போடலாமான்னு கேக்க வந்தோமுங்க. போட்டா நீங்க மேல வந்தது தெரிஞ்சுபோகும்."

"மேல வந்தது நெசந்தானே? விசாரணையில நானே சொல்லப்போறேன். பொய் சொல்லி வண்டி ஓட்ட எனக்குத் தெரியாது." பிறகு ஒரு சந்தேகப் பார்வை பார்த்தார். "ஆனா நீ என்ன எழுதுவேன்னு எனக்கு நொம்பப் பயமா இருக்குது. இங்கயே உக்காந்து எழுது. படிச்சுக் காட்டு."

எழுதினேன். ஆறு வருடத்தில் நான் எழுதிய போஸ்டுகளில் அதிக நேரம் பிடித்தது அதுதான். படித்துக் காட்டியபோது "மலை மக்களுக்காகத் தன் வேலையையே பணயம் வைத்த தியாகி" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தியாகியுமில்ல, ஒண்ணுமில்ல. பாலத்துல வண்டிய ஒடிக்கறது சிரமம், களத்துல திருப்பறது லேசு. மேல வந்தா உங்க பெரியம்மா டீ குடுப்பாங்க. புள்ளைங்களும் நடக்க வேண்டியதில்ல. இந்த மூணையும் எழுது."

"டீயையுமா?"

"டீயையுந்தான். அப்பறம் அதையும் மறைச்சேன்னு எவனாவது வெட்டி ஒட்டுவான்."

அவர் மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கு மோர் வந்தது.

அது பாதி வேலைதான். திரும்பி மலையேறும்போது கவிதா கேட்டாள்: "அக்கா, இவரையும் டிப்போவையும் கேக்கறோம். களத்துக்காரரை ஏன் யாருமே கேக்கல?" களத்துக்காரர் என் பெரியப்பா. யூனிபார்ம் போட்டவரைப் பார்த்துக் கத்துவதற்கு எனக்கு ஒரு போன் போதுமாக இருந்தது. என் படிப்புக்கு அப்பாவோடு சேர்ந்து நின்ற பெரியப்பாவைக் கேட்பதற்கு மலையேறும் வழி முழுக்கத் தேவைப்பட்டது.

அவர் களத்தில் காப்பியைக் கிளறிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். வருடம் முழுக்கப் பாதிக் களம் பஸ் திரும்புவதற்கு என்று எழுத்தில் ஒப்புதல் தந்தால்தான் ஊர்வரை பர்மிட் கேட்டு மனுக் கொடுக்க முடியும்.

"அப்ப என்ற காப்பிய எங்க காயப்போடறது? உன்ற தலையிலயா?"

கவிதா சும்மா இல்லாமல், "மாமா சொல்றதை வீடியோவாப் போட்டுடலாமாக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

"போடு! அவனை ஊட்டுக்கு அனுப்புனீங்க. என்னையும் அனுப்புங்க. ஆனா நான் எங்க போறது? இதுதானே என்ற ஊடு!"

நான் கவிதாவின் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பெரியப்பா திரும்பிக்கொண்டு கிளறினார். நாங்களும் போகவில்லை. இரண்டு வரிசை கிளறியபின், காப்பியைப் பார்த்துக்கொண்டே, தானாகப் பேசினார்: "மேல பாறையில காயப்போடலாம். வெயிலு நல்லா அடிக்கும். சுமக்க ஆளு வேணுமே. எனக்கு முட்டி போயிருச்சு."

"நாங்க சுமக்கறோம் மாமா" என்றாள் கவிதா.

"நீங்களா? நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டு?"

"பாலிஷோடயே சுமக்கறோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு பெண்களும் நானும் கூடை கூடையாகப் பாறைக்குச் சுமந்தோம். சாக்கு விரித்துக் கொட்டினோம். பெரியப்பா ஒவ்வொரு கூடைக்கும் குறை சொன்னார். "கொட்டறதைப் பாரு, கோலம் போடறாப்புல." மத்தியானம் அவரே கையெழுத்துப் போட்டார். கையெழுத்து என்றால், என் அப்பாவைப் போல அவருக்கும் கைநாட்டுத்தான். மனுவை நான் எழுதினேன். நாற்பது பேர் விரலை அழுத்தினார்கள். அந்தக் காகிதத்தில் ஒரு அலங்கார வார்த்தைகூட இல்லை. நான் எழுதியதிலேயே எனக்குப் பெருமையானது அதுதான்.

பழைய போஸ்டை எடுத்துவிட்டு முழு வீடியோவைப் போட்டேன். மேலே என் முகத்தைக் காட்டி, வெட்டியது நான், ஏன் வெட்டினேன், களம் யாருடையது என்று மூன்றையும் சொன்னேன். முதல் வீடியோவைப் பார்த்தவர்களில் கொஞ்சம் பேர்தான் இதைப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் சிலர், "விலை போய்ட்டா" என்று எழுதினார்கள். அந்த வெட்டிய வீடியோ இன்றும் வேறு யார் யாரோ பக்கங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. என்னால் அதை நிறுத்த முடியவில்லை. ஒன்றை அனுப்பிவிட்டால் அது நம்முடையதாக இருக்காது. அதை நான் அவமானத்தோடு கற்றுக்கொண்டேன். நீங்கள் என்னிடமிருந்தே கற்றுக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

விசாரணையன்று ஏழு பெண்களும் நானும் பிரபுவும் டிப்போ அலுவலக வாசலில் நின்றோம். கோஷம் இல்லை. பிரபு தட்டி எழுதிக் கொண்டுவந்திருந்தான். அதை மடக்கி வைக்கச் சொன்னேன். அதிகாரி எங்களை உள்ளே கூப்பிட்டார்.

"நீங்கதானேம்மா புகார் சொன்னது? இப்ப நீங்களே வேண்டாங்கறீங்க?"

"புகார்ல பாதிதான் சொன்னோமுங்க சார். மீதியக் கொண்டாந்திருக்கோம்."

எழுதிக்கொடுத்தோம். டிரைவர் அண்ணன் எங்களைத் திட்டியதே இல்லை என்பதையும், ஊருக்குள் வந்தார் என்பதையும், டீயையும். மனுவையும் கொடுத்தோம். அதிகாரி டீ என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்துவிட்டு மேலே படித்தார்.

டிரைவர் அண்ணனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. வேலை தப்பியது. மூன்று வாரத்தில் அதே பஸ்ஸோடு வந்தார். பாலத்திலேயே நிறுத்தினார். களத்தில் இடம் இருந்தும் மேலே வரவில்லை. "காயிதம் வரட்டும் கண்ணு" என்றார்.  காகிதம் வர ஐந்து மாதம் ஆயிற்று. அத்தனை நாளும் பெண்கள் நடந்தார்கள். முறை வைத்து இரண்டு பெரியவர்கள், எருமையை விரட்டத் தட்டைத் தட்டிக்கொண்டு கூட வந்தார்கள். கவிதாவைப் படித்தது போதும் என்று சொன்ன அவள் அப்பாதான் அதிக நாள் வந்தவர். "போறதுதான் போற, எல்லா நாளும் போ" என்பார்.

காகிதம் வந்த மறுநாள் பஸ் இரண்டு வளைவும் ஏறி ஊருக்குள் வந்தது. நெற்றிப் பலகையில் எங்கள் ஊர்ப் பெயர். என் அம்மா அதைப் படிக்கச் சொல்லி என்னை இரண்டு தடவை கேட்டார். களம் காலியாக, கூட்டிப் பெருக்கி இருந்தது. ஆனால் மழையில் அதன் ஓரம் கொஞ்சம் உடைந்திருந்தது, பின்சக்கரம் இறங்கினால் பள்ளம்தான். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துக் கத்தினார்: "பொறத்தாண்டி யாராவது நில்லுங்க!"

ஏழு பெண்களும் நானும் பின்னால் ஓடினோம். பெரியப்பா சக்கரத்துக்கு அணை வைக்கக் கல்லைத் தூக்கிக்கொண்டு நின்றார். "வரலாம்... வரலாம்... இன்னும் ஒரு கை வரலாம்... போதும்! போதும்!" என்று அத்தனை பேரும் கையை ஆட்டிக் கத்தினோம். கவிதா பஸ்ஸின் முதுகில் படபடவென்று தட்டினாள். பஸ் மூன்றாவது தடவையில் திரும்பியது.

நம் பக்கத்தில் எவ்வளவு கீழே தேடினாலும் அந்த நாளின் படம் உங்களுக்குக் கிடைக்காது. ரேவதி ஒருமுறை கேட்டாள், அவ்வளவு பெரிய வெற்றிக்கு ஒரு போட்டோகூட இல்லையா என்று. இல்லை. எங்கள் எல்லோருடைய கண்ணும் சக்கரத்தின் மேல் இருந்தது.